முகம் தவிர எல்லாம்

எங்கள் மஞ்சூர் பஸ்ஸின் கண்டக்டர் பெண்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அதனால் பெண்களிடம் அவருக்கு நல்ல பெயர். கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும்போதும் பார்வையைத் தாழ்த்தி, கையிலிருக்கும் பையைப் பார்த்துத்தான் டிக்கெட் கிழிப்பார். "வயசுப் பொண்ணுங்களை அனுப்பறதுன்னா இவரு பஸ்ஸுலதான் அனுப்போணும்" என்று சொன்ன அம்மாக்கள் உண்டு.

ஆண்களின் முகத்தையும் அவர் பார்க்க மாட்டார். அதனால் ஆண்களிடம் கெட்ட பெயர். காலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பக் கதையெல்லாம் பேசியவரைச் சாயங்காலம் மார்க்கெட்டில் பார்த்தால், மின்கம்பத்தைத் தாண்டிப் போவதுபோல் போய்விடுவார். தலைக்கனம் என்றார்கள். அரசாங்கச் சம்பளம் வந்துவிட்டால் இப்படித்தான் என்றார்கள்.

இரண்டு பெயரும் தப்பு. ஆனால் அது தெரிய எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

நான் ஊட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வேலை பார்த்தேன். வருகிறவர்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடிக்குப் பவர் பார்த்து எழுதித் தருவது என் வேலை. என் கணவர் குந்தா மின்நிலையத்தில் இருந்ததால் குடியிருப்பு மஞ்சூரில். காலையும் மாலையும் இவருடைய பஸ்தான் எனக்கு. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் அவரை "அண்ணா" என்போம்.

நாள் முழுவதும் பிறர் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பழக்கம் பஸ்ஸிலும் போகாது. இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது கவனித்துப் பாருங்கள். பார்வை எதிராளியின் கண்ணுக்குப் போகும், வாய்க்கு இறங்கும், மறுபடி கண்ணுக்கு ஏறும். அந்த முக்கோணத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அண்ணாவின் பார்வை அந்தப் பக்கமே போகாது. ஒருவர் படியேறினால் முதலில் செருப்பு. அடுத்து பை, குடை. பிறகு ஸ்வெட்டரின் நிறம், மப்ளர் கட்டியிருக்கும் தினுசு, காதுத் தோடு. அதற்குள் ஏறியவர் வாயைத் திறந்து ஏதாவது பேசியிருப்பார். உடனே அண்ணாவின் முகம் மலரும். "வாங்க வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

இந்த விசாரிப்பு வஞ்சனை இல்லாமல் எல்லோருக்கும் கிடைக்கும். ஒருமுறை சீசனுக்கு வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் ஃபெர்ன்ஹில்லில் ஏறினார். அவரையும் அப்படியே விசாரித்தார். அந்த மனிதர் வீட்டில் மாமியாருக்கு முட்டி வலி என்பதுவரை பதில் சொல்லி முடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாம இதுக்கு முன்னாடி எங்க சந்திச்சிருக்கோம்?"

"தெரியலைங்க. சந்திச்சிருந்தா விசாரிக்காமப் போனா தப்பில்லீங்களா?" என்றார் அண்ணா.

பஸ்ஸே சிரித்தது. வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நானும் சிரித்தேன். அவர் உள்ளபடியே சொல்லியிருக்கிறார்.

குளிர்காலத்தில் அவர் ராஜா. டிசம்பரில் பனி இறங்கி, எல்லோரும் குரங்குத் தொப்பியும் மப்ளருமாய் மூக்கு மட்டும் தெரிய ஏறும்போது, மற்றவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். "அந்தக் கத்திரிப்பூ ஸ்வெட்டர் குந்தா பாலத்துல இறங்கோணும், எழுப்பி உடுங்க" என்பார். ஏப்ரலில் வெயில் ஏறி எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிய அன்று அவர் பாடு திண்டாட்டம். டிக்கெட் வாங்கியவரிடமே மறுபடி டிக்கெட் கேட்பார். "இப்பத்தானே வாங்கினேன்" என்று அவர்கள் எரிந்து விழுந்தால், "வாங்குனா வாங்குனதுதானுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று நகர்ந்துவிடுவார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று டிரைவர் சொல்வார். மலையில் பிறந்த உடம்பு, இருக்கலாம் என்று நானும் நினைத்தேன்.

அவர் மனைவிக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. கணீரென்ற குரல், எதையும் ஒளித்துப் பேசத் தெரியாத மனுஷி. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் ஊட்டி போய்ச் சேரும்வரை வீட்டுக்காரர் கதைதான்.

"சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா மானம் போகுதுங்க சிஸ்டர். ஒரு பாட்டுல கதாநாயகி நாலு சேலை மாத்துவா பாத்தீங்களா? இவரு என்ர காதுக்குள்ள, இந்த ஆளு செரியில்ல, பாட்டு முடியறதுக்குள்ள நாலு பொண்ணுங்களோட சுத்தறான்னாரு. முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாத்துச் சிரிக்கறாரு."

அந்த அம்மாளின் தங்கை கல்யாணத்தில் நடந்தது இன்னும் மோசம். மண்டபத்துக்குப் போன பிறகு, அவர் புடவை மாற்றிக்கொண்டு தலை நிறையப் பூ வைத்து வந்து கணவன் எதிரிலேயே நின்றிருக்கிறார். இவர் மரியாதையாகக் கைகூப்பி, "வாங்க, சாப்ட்டாச்சுங்களா? எங்க ஊட்டுக்காரி இங்கதான் எங்கியோ இருக்கறா" என்றாராம்.

"அன்னைக்கிருந்து என்ன சேலை கட்டறேன்னு காலையிலயே சொல்லிர்றனுங்க. சொல்லாமக் கட்டுனா நான் வேற பொம்பளை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடியே, "இத்தனை வருசம் கூட இருந்து, நம்ம மொகம் ஒருத்தருக்கு மனசுல நிக்கலைன்னா அது எப்படிங்க சிஸ்டர்?" என்று கேட்டார். மறதி போல ஏதோ என்று சமாதானம் சொன்னேன்.

மறதி இல்லை. டெப்போ கதை, டீசல் கதை, எந்தச் சீட்டில் எந்த ஊருக்கு ஆள் இருக்கிறது என்பது, யார் வீட்டில் என்றைக்கு விசேஷம் என்பது, எல்லாம் அவர் நினைவில் இருக்கும். பேரைச் சொன்னால் போதும், ஆளின் மூன்று தலைமுறை சொல்வார். வாசிப்பும் அபாரம். டீக்கடையில் பேப்பரை எடுத்தால் அவர் கண் வரிகளில் ஓடும் வேகத்தைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். இப்படிப்பட்டவருக்கு என்ன குறை சொல்வது?

அந்த மழைக்காலத்தில்தான் செல்வி விஷயம் நடந்தது.

செல்வி ஆறு வயதுப் பெண். அவள் அம்மா இரண்டாவது பிரசவத்துக்காக ஊட்டியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், மஞ்சூர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த அவள் அம்மாவின் தம்பி மாரிமுத்துவிடம் குழந்தையைச் சேர்த்துவிடச் சொல்லி அண்ணாவிடம் ஒப்படைத்தார்கள். இது எங்கள் பக்கம் சாதாரணம். மருந்து, முட்டைக்கோஸ் மூட்டை, குழந்தை எல்லாம் கண்டக்டர் கையில்தான் போய்ச் சேரும். மாரிமுத்து ஃபேக்டரித் தபால் வாங்க தினமும் அந்த பஸ்ஸுக்கு வருகிறவன். காப்பிப்பொடி நிறத்தில் மஞ்சள் கட்டம் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டான்.

மஞ்சூரில் பஸ் நின்றபோது மூடுபனி. பத்தடி தள்ளி ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் கட்டம் போட்ட ஸ்வெட்டர் ஒன்று பஸ்ஸை நோக்கி வந்தது. அண்ணா குழந்தையை இறக்கி, அதன் கையை எடுத்து அந்தக் கைக்குள் வைத்து, "புடிங்க. மாரிமுத்து, பத்திரமுங்க. அக்கா நல்லா இருக்காங்க" என்று சொல்லி விசில் கொடுத்தார். பஸ் கெத்தைக்கு இறங்கிப் போய்விட்டது. நானும் முன்படியில் இறங்கி, அந்த ஸ்வெட்டரின் முதுகைப் பார்த்து மாரிமுத்து என்றே நினைத்து, காய் வாங்கப் போனேன்.

காய்க்கடையில் நிற்கும்போது மாரிமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான். "சிஸ்டர், பஸ்ஸு போயிருச்சுங்களா? பாப்பா வந்துச்சுங்களா?"

"உங்கிட்டதானே குடுத்தாரு."

"எங்கிட்டயா? நான் இப்பத்தானுங்க ஃபேக்டரியில இருந்து வாரேன்."

கடைக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி பஸ் நிறுத்தம், கோயில் முனை, பள்ளிக்கூடச் சந்து என்று ஓடினோம். பனிக்குள் கூப்பிட்ட குரல் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. மாரிமுத்து அழவே ஆரம்பித்துவிட்டான்.

செல்வி பேக்கரியில் இருந்தாள். பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு, வர்க்கியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எதிரே மாரிமுத்து போட்டிருந்த அதே ஸ்வெட்டரோடு ஓர் இளைஞன், பேக்கரிக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். கூடலூருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேரட் மூட்டை ஏற்ற வந்த மலையாளத்துப் பையன். ஊட்டியில் சாலையோரம் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களிடம் முதல்நாள் வாங்கியதாம்.

"பிடிக்கான் பறஞ்ஞு, ஞான் பிடிச்சு. பஸ் போயி" என்றான் பரிதாபமாக. பிடிக்கச் சொன்னார்களாம், பிடித்தானாம், அதற்குள் பஸ் போய்விட்டதாம்.

செல்வி நிமிர்ந்து பார்த்து, "இந்த மாமா நல்ல மாமா. ஆனா என்னைய மாரிமுத்து, மாரிமுத்துன்னு கூப்பிடறாங்க. எம் பேரு செல்வின்னா கேக்கறதில்ல" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. பேக்கரிக்காரர் அந்தப் பையனுக்கு இன்னொரு டீ போட்டார்.

பஸ் கெத்தையிலிருந்து ஏறி வந்தபோது நிறுத்தத்தில் சிறு கூட்டம் சேர்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அண்ணா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரிமுத்து விடவில்லை. "தெனமும் என்னையப் பாக்கறீங்களேண்ணா. இவனும் நானும் ஒண்ணாவா இருக்கறோம்?"

மாரிமுத்து கறுப்பு, கற்றை மீசை, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. மற்றவன் மீசை முளைக்காத சிவத்த பையன். அண்ணா இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் பார்வை எங்கே போகிறது என்று நான் பார்த்தேன். இவன் ஸ்வெட்டர், அவன் ஸ்வெட்டர். இவன் காது, அவன் காது. இவன் செருப்பு, அவன் செருப்பு.

"மீசை இருக்கறது தெரியுதுங்க. தழும்பும் தெரியுது. ஆனா மாரிமுத்துன்னா அந்த மொகம்னு என்ர மண்டையில ஒண்ணும் இல்லைங்க" என்றார் மெதுவாக. "சின்னதுல இருந்தே அப்படித்தான். நீங்கெல்லாம் ஆளை எப்படிங்க கண்டுபுடிக்கறீங்க? நானும் பாத்துப் பாத்துப் பழகிக்கலாம்னு இருந்தேன். வரலைங்க."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர் எழுந்து டிக்கெட் பையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். "வேற ஆளு போட்டுக்கச் சொல்லுங்க. இன்னைக்கு நல்லவன் கையில போச்சு. நாளைக்கு?"

சொன்னபடியே மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. லீவு போட்டுவிட்டு வேறு வேலை தேடப்போவதாக டிரைவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாதம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கோவையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். கண் அசைவு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். கேட்டதும் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அவரை எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்று அண்ணா முரண்டு பிடித்தார். அவர் மனைவி, "பச்சைச் சேலை கட்டிட்டு நானும் வாரேன், கெளம்புங்க" என்றதும்தான் கிளம்பினார்.

கோவையில் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் எதிரே தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, கண்மணி எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னக் கேமரா. திரையில் படம் வரும். பார்த்தால் போதும். பார்த்த கண் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் புள்ளி. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவியதற்குக் கோடு.

முதலில் ஒரு பத்தி தமிழ். அவர் படித்து முடித்ததும் டாக்டரம்மா கோடுகளைக் காட்டினார். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. தத்தித் தத்திப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கும், இரண்டு சொல் தாண்டும், புரியாவிட்டால் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

"நல்லா வேகமா படிக்கிறீங்க. நிக்கற இடமே கம்மி" என்றார்.

"எக்ஸ்பிரஸ் பஸ்ஸுங்களா?" என்றார் அண்ணா. அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று மனைவி பிறகு சொன்னார்.

அடுத்து முகங்கள். என்னையும் ஒருமுறை உட்காரவைத்து, இருவர் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். என்னுடையது கண், மூக்கு, வாய் என்று நடுவில் குவிந்து கிடந்தது. அவருடையது தலைமுடி ஓரமாகப் போய், காதில் நின்று, தாடையைச் சுற்றி, சட்டைக் காலருக்கு இறங்கி, மறுபக்கக் காதுக்கு ஏறியிருந்தது. நடுவில் வெறுமை.

அண்ணா நெடுநேரம் அதைப் பார்த்தார். "ஊருக்குள்ளயே போகலைங்க. பைபாஸுலயே சுத்திட்டு வந்திருக்கறேன்" என்றார்.

பிறவியிலேயே சிலருக்கு இப்படி உண்டு என்றார் டாக்டரம்மா. பார்வையில் பழுதில்லை, புத்தியில் பழுதில்லை. கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து இன்னார் என்று சொல்லும் வேலை மட்டும் மூளையில் நடப்பதில்லை. மருந்து கிடையாது. இத்தனை காலம் குரலையும் செருப்பையும் வைத்துச் சமாளித்ததுதான் வைத்தியம்.

"அப்ப இது திமிரு இல்லீங்களே?"

"இல்லவே இல்லை."

"அதை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. மஞ்சூர்ல நாலு பேருக்குக் காட்டோணும்."

கடைசியாக ஒரு சோதனை. முடி, காது, கழுத்து எல்லாம் மறைத்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்த படங்கள். பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். நடுவில் என் படம் ஒன்று, அவர் மனைவியின் படம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் "தெரியலைங்க" என்றார். மனைவி படத்துக்கும், "பொம்பளைங்க. ஆருன்னு தெரியலைங்க" என்றார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் பச்சைப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா கோடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். திரும்பிப் போய்ப் பார்த்தார்.

"இங்க வாங்க" என்று மனைவியைக் கூப்பிட்டார். "மத்த படத்துலயெல்லாம் அவர் கண் தேடித் தேடி ஓடியிருக்கு பாருங்க. ஓரமாவே சுத்தியிருக்கு. உங்க படத்துல அவ்வளவா ஓடலை. நாலஞ்சு தாவல்தான். நடுவுக்கு வந்து, கண்ணுகிட்ட நின்னுடுச்சு. பழகின முகத்தை நாம அதிகம் தேட மாட்டோம். இவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கு. வாய்க்குத் தெரியலை. கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. சிலருக்கு இப்படி இருக்கும், எல்லாருக்கும் இருக்காது. ஒரு தடவை பார்த்ததை வச்சு உறுதியாச் சொல்லவும் கூடாது."

கடைசி வாக்கியத்தை அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை.

"சிஸ்டர் படத்துக்கும் அப்படி நின்னுச்சுங்களா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா என் படத்தைக் கொண்டுவந்தார். என் தாடையை மூன்று முறை சுற்றிவிட்டுப் போயிருந்தது.

"இல்லை."

அந்த அம்மாளின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணா ஒன்றும் புரியாமல், "நெசமாலுமுங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று எங்கள் மூவரையும், அதாவது எங்கள் மூவர் செருப்பையும், பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தை எனக்குக் குடுப்பீங்களா டாக்டரம்மா?" என்றார் மனைவி.

அடுத்த வாரம் அண்ணா வேலைக்குத் திரும்பினார். மஞ்சூரில் முதல் ஆளாக மாரிமுத்து ஏறினான். படியில் நின்று, பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி, "மாரிமுத்துங்கண்ணா. ஊட்டிக்கு ஒண்ணு குடுங்க" என்றான். அவனுக்குப் பின்னால் ஏறிய காய்க்கடைக்காரரும் பேரைச் சொன்னார். நானும் சொன்னேன். அதுவே வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டப்பெயர் சொல்லி ஏறுவார்கள். சீசனில் வரும் வெளியூர்க்காரர்கள் இதுதான் இந்தப் பஸ்ஸின் சட்டம் என்று நினைத்து, இனிஷியலோடு பேரும் ஊரும் சொல்லி ஏறுவார்கள். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பேர் தெரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் அந்த பஸ்ஸில்தான் பேர் தெரிந்தது. இரண்டு கல்யாணங்கள்கூட அப்படி ஆரம்பித்தன என்பார்கள். ஒன்றுக்கு நானே போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணும் அங்கே இருந்தாள். சுவரில் அவர்கள் கல்யாணப் படம். அதற்கு அருகில், சட்டம் போட்டு, மனைவியின் முகம் மட்டும் பெரிதாக. அதன்மேல் நாலைந்து கோடுகள், கண்ணருகே கொழுத்த ஒரு புள்ளி.

"ஏனுங்கக்கா, குழந்தைங்க பேனாவுல கிறுக்கிட்டாங்களா? வேற போட்டோ மாட்டலாமில்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

"கிறுக்கல் இல்ல கண்ணு. அவரு என்னைப் பாத்தது அது" என்றார் அந்த அம்மாள். பிறகு கோவைக்குப் போனது, மிஷின், என் தாடையை மூன்று சுற்று சுற்றியது எல்லாம் விலாவாரியாகச் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது.

அண்ணா காபித் தம்ளர்களோடு வந்தார். "அவ சொல்றதை நம்பாதீங்க. அந்தப் படம் வந்தப்ப நான் தூங்கிட்டேன்னு நெனைக்கறேன். அதான் கண்ணு ஒரே இடத்துல நின்னிருக்குது."

"தூங்குனா கண்ணு மூடியிருக்கும். மூடுன கண்ணை மிஷினு எப்படிப் புடிக்கும்?" என்றார் மனைவி.

அண்ணா யோசித்தார். சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காபி ஆறிப்போவுதுங்க, குடிங்க சிஸ்டர்" என்றார்.